மத்திய பூமியில் விதி

கற்பனையில் ஓர் உலகத்தைச் சிருஷ்டிக்க முற்படும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் அதன் மலைகளையும் நதிகளையும் வகுப்பார்கள், அரச பரம்பரைகளை எழுதுவார்கள், யுத்தங்களை வருணிப்பார்கள். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பழைய ஆங்கில மொழிக்குப் பேராசிரியராக விளங்கிய ஜே. ஆர். ஆர். டோல்கியனும் மத்திய பூமி என்னும் தம் உலகத்துக்கு இவற்றையெல்லாம் குறைவறச் செய்தார். ஆனால் அதோடு நில்லாமல், அங்கே வாழும் ஒவ்வொரு குலத்தாரும் எவ்வாறு மரிக்கிறார்கள், மரித்தபின் எங்கே போகிறார்கள், தங்கள் வாழ்க்கை முன்னமே நிர்ணயிக்கப்பட்டுவிட்டதென்று நம்புகிறார்களா, நம்பினால் அந்த நிர்ணயத்தைச் செய்தவன் யாரென்று எண்ணுகிறார்கள் என்பவற்றைப் பல பத்தாண்டுகள் இடைவிடாது சிந்தித்து, எழுதி, திருத்தி, மறுபடியும் எழுதிவந்தார். 'மோதிரங்களின் தலைவன்' என்ற அவருடைய பெருங்கதை 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தபின், அதன் உட்பொருள் யாது என்று வினவிய வாசகர்களுக்கு, அதிகாரத்தைக் காட்டிலும் நிலையானதும் கடினமானதுமான மரணம், அமரத்துவம் ஆகிய இரண்டையும் பற்றியதே தம் கதை என்று அவர் கடிதங்களில் விடை கூறினார்.

மரணம் அவர் ஏட்டில் மட்டும் படித்தறிந்த விஷயமல்ல. 1892-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபான்டீன் நகரில் பிறந்த அவர், நான்கு வயதில் தந்தையையும் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்து, கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவருடைய பராமரிப்பில் பர்மிங்காமில் வளர்ந்தார். 1916-இல் சோம் நதிப் போர் மூண்டபோது, பள்ளிக்கூட நாள் முதல் உடன்கூடி இலக்கியக் கனவுகள் கண்ட நெருங்கிய தோழர் மூவரில் ஒருவர் போரின் முதல் நாளாகிய ஜூலை 1 அன்றே வீழ்ந்தார்; மற்றொருவர் அதே ஆண்டு டிசம்பரில் காயம்பட்டு இறந்தார். டோல்கியன் பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு இங்கிலாந்துக்குத் திருப்பியனுப்பப்பட்டு, படுக்கையில் கிடந்து தேறிவந்த காலத்தில்தான் மத்திய பூமியின் ஆதிக் கதைகள் எழுத்துருப் பெறத் தொடங்கின. விதியைப் பற்றி அவர் எழுதியவற்றில் எங்கும் லேசான வார்த்தை ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. அதற்குரிய காரணத்தை இந்த வரலாற்றில் தேடுவது பிழையாகாது என்றே கருதுகிறேன்.

அவ்வுலகத்தின் சிருஷ்டி சங்கீதத்திலிருந்து பிறக்கிறது. இலூவதார் என்னும் பரம்பொருள், தன் சிந்தனையிலிருந்து தோன்றிய ஐனூர் என்ற தேவகணங்களுக்கு ஒரு ராகக் கருவைக் கொடுத்து, அதை விரித்துப் பாடும்படி பணிக்கிறது. அவர்கள் பாடிய பெருங்கானமே பின்னர் காட்சியாகி, காட்சியே பின்னர் உலகமாகிறது. கணங்களுள் வலிமை மிக்கவனாகிய மெல்கார், பிறர் பாட்டோடு இசையாமல் தன் பெருமையைத் தானே முழக்க விரும்பி, கானத்தில் அபஸ்வரத்தைக் கலக்கிறான்; உலகத்தில் தோன்றும் தீமைக்கெல்லாம் அதுவே வித்து. இந்த அளவில் கதை நின்றிருந்தால், நடப்பவை யாவும் அந்தச் சங்கீதத்தில் ஏற்கெனவே பாடப்பட்டவை, ஆகவே மாற்றவொண்ணாதவை என்ற முடிவுக்கே நாம் வந்திருப்போம். டோல்கியனோ இவ்விடத்தில் ஒரு விலக்கை வைக்கிறார். மற்ற எல்லாவற்றுக்கும் விதிபோல் அமைந்த அந்தச் சங்கீதத்தைக் கடந்து தன் வாழ்வைத் தானே வகுத்துக்கொள்ளும் ஆற்றல் மனிதனுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சுதந்திரத்தோடு கூடப்பிறந்த மற்றொரு வரமாக, உலகத்தை விட்டு அப்பால் போய்விடும் மரணமும் அவனுக்கே அளிக்கப்பட்டிருக்கிறது.

எல்ஃபுகள் என்ற மூத்த குலத்தாருடைய நிலை இதற்கு நேர்மாறானது. நோயும் மூப்பும் அவர்களைக் கொல்வதில்லை. ஆயுதத்தாலோ ஆற்றாத துயரத்தாலோ உடல் அழிந்தாலும், அவர்களுடைய ஆத்மா மாண்டாஸ் என்னும் தர்மாதிகாரியின் மண்டபங்களுக்குச் சென்று காத்திருந்து, பெரும்பாலும் மீண்டும் உடலெடுக்கிறது. உலகம் உள்ளளவும் அவர்கள் உண்டு. உலகம் முடிந்தபின் தங்கள் கதி என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணெதிரே காடுகள் அழிவதையும் நண்பர்களாயிருந்த மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக மறைவதையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவர்களுடைய தலையெழுத்து. ஆகையால் எல்ஃபுகள் மனிதனுடைய மரணத்தைப் பொறாமையோடு நோக்குகிறார்கள். மனிதர்கள் எல்ஃபுகளின் அமரத்துவத்தைப் பொறாமையோடு நோக்குகிறார்கள்.

இந்தப் பொறாமை முற்றினால் என்னவாகும் என்பதற்கு நூமெனோர் தீவின் அழிவே சாட்சி. அத்தீவின் ஆதி மன்னர்கள் நெடுங்காலம் வாழ்ந்து, காலம் வந்ததென்று உணர்ந்தபோது, உடல் தளர்வதற்கு முன்னரே மகனிடம் செங்கோலைக் கொடுத்துவிட்டுத் தாமாகவே உயிரைத் துறந்தார்கள். பிற்காலத்தவர் அப்படிச் செய்ய மனமின்றி வாழ்வைப் பற்றிக்கொண்டார்கள். வரமென்று முன்னோர் சொன்னது சாபமென்று இவர்களுக்குத் தோன்றியது. மேற்றிசையிலிருந்து தேவதூதர்கள் வந்து, அமரர்கள் வாழ்வதால்தான் அந்நிலம் புனிதமாயிற்றேயன்றி நிலத்தின் மகிமையால் அவர்கள் அமரராகவில்லை என்று எடுத்துரைத்தும் பயனில்லை. கடைசி அரசன் ஆர்-ஃபரசோன், சௌரான் என்னும் வஞ்சகனுடைய வார்த்தையை நம்பி, அமரர் நிலத்தைப் படையெடுத்துப் பிடித்தால் சாவை வெல்லலாமென்று மாபெரும் கப்பற்படையோடு புறப்பட, கடல் பிளந்து படையையும் தீவையும் ஒருங்கே விழுங்கிற்று. சாவுக்கு அஞ்சியவர்கள் வாழ்ந்த காலத்தையும் வாழாமல் போக்கினார்கள். சமாதிகளைக் கட்டுவதிலும் பிணங்களைக் கெடாமல் காப்பதிலும் அவர்கள் செலவிட்ட அறிவை டோல்கியன் வருணிக்கும் இடம் என் மனத்தை விட்டு அகலாத ஒன்று.

மரணம் வரமா, சாபமா என்ற இதே வினாவை அவர் தம் முதிய வயதில் இன்னும் ஆழமாக எடுத்துக்கொண்டு, ஓர் உரையாடலாக எழுதினார். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1993-இல், அவருடைய குமாரர் கிறிஸ்டபர் டோல்கியன் பதிப்பித்த தொகுதி ஒன்றில் அது வெளிவந்தது. எல்ஃப் மன்னனாகிய ஃபின்ராடும், மனித குலத்து ஞானியாகிய ஆண்ட்ரெத் என்ற மாதும் பேசிக்கொள்கிறார்கள். மனிதனுக்கு மரணம் இயற்கை என்று ஃபின்ராட் இரக்கத்தோடு சொல்லத் தொடங்க, ஆண்ட்ரெத் வெகுண்டு மறுக்கிறாள்: தாங்கள் சாவதற்கென்று பிறந்தவர்களல்லர் என்றும், ஆதியில் இருளுக்கு அடிபணிந்ததால் இது தங்கள்மேல் சுமத்தப்பட்டதென்றும் தங்கள் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவருவதாக அவள் கூறுகிறாள். எல்ஃபுகளின் சாஸ்திரம் ஒன்று சொல்கிறது. மனிதர்களின் செவிவழி மரபு வேறொன்று சொல்கிறது. இரண்டில் எது மெய்யென்று ஆசிரியர் தீர்ப்பளிப்பதில்லை. உலகம் முழுவதையும் தாமே படைத்த ஒருவர், அதன் தலையாய மர்மத்தைப் பற்றி அதில் வாழ்பவர்களுக்குள் உண்மையான கருத்து வேற்றுமை நிலவும்படி விட்டுவைத்தது பெரிய காரியம். தர்க்கம் முடியுந்தறுவாயில்தான் அவளுடைய கோபத்தின் ஊற்று நமக்குப் புலனாகிறது. இளமையில் அவள் ஃபின்ராடின் தம்பி ஐக்னாரைக் காதலித்தாள். அவனும் அவளைக் காதலித்தான். ஆயினும் யுத்த காலத்தில் தங்கள் குலத்தார் மணம் புரிவதில்லை என்ற வழக்கத்தாலும், விரைவில் மூப்பெய்தும் அவளுக்கு நேரக்கூடிய வேதனையை எண்ணியும் அவன் விலகிப் போய்விட்டான். இப்போது அவள் தலை நரைத்திருக்கிறது; அவனோ அன்றிருந்தபடியே இருக்கிறான். விதியைப் பற்றிய சித்தாந்தம் ஒவ்வொன்றின் அடியிலும் இப்படி ஒரு மனிதத் துயரம் புதைந்திருக்கிறது என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய வேறோர் உரையாடலை நான் படித்ததில்லை.

குள்ளர் குலத்தாருடைய நம்பிக்கை வேறு. பரம்பொருளால் நேரே படைக்கப்படாமல், ஔலே என்ற தேவசிற்பியின் அவசரத்தால் உருவாக்கப்பட்டுப் பின்னர் உயிரளிக்கப்பட்டவர்கள் அவர்கள். இறந்தபின் அவர்கள் எந்தக் கல்லிலிருந்து வந்தார்களோ அந்தக் கல்லாகவே ஆகிவிடுகிறார்கள் என்பது எல்ஃபுகளின் பழங்கொள்கை. குள்ளர்களோ, தங்களைப் படைத்தவன் தங்களுக்கெனத் தனி மண்டபம் வைத்திருக்கிறான் என்றும், தங்கள் ஆதி பிதாக்கள் எழுவரும் சொந்த வம்சத்திலேயே திரும்பத் திரும்ப வந்து பிறக்கிறார்கள் என்றும் உறுதியாக நம்புகிறார்கள். ஹாபிட்டுகள் என்ற சிறு குலத்தாருக்கு இவ்விஷயத்தில் சாஸ்திரமே கிடையாது; நல்ல உணவும் தோட்டமும் உறவினரின் வம்சாவளியும் அவர்களுக்குப் போதும்.

இனி, மனிதன் சங்கீதத்துக்குக் கட்டுப்படாதவன் என்ற கொள்கையை மிகக் கடுமையாகச் சோதிக்கும் கதைக்கு வருவோம். மெல்கார் பிற்காலத்தில் மார்காத் எனப் பெயர் பெற்றான். கண்ணீர்ப் பெரும்போரில் சிறைப்பட்ட ஹூரின் என்ற வீரன் அவன்முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டபோது, உலகத்தின் விதிக்குத் தானே எஜமானன் என்று மார்காத் செருக்குகிறான். ஹூரினோ, உலக எல்லைக்கு அப்பால் செல்லும் மனிதரை அவனால் தொடரமுடியாது என்று முகத்தெதிரே சொல்லிவிடுகிறான். சினங்கொண்ட மார்காத் அவனுடைய மக்கள்மேல் சாபமிட்டு, மலையுச்சியில் ஒரு கல்லாசனத்தில் அவனை இருத்தி, அவர்கள் சீரழிவதைத் தன் வஞ்சகக் கண்களின் வழியாகவே பார்த்திருக்கும்படி இருபத்தெட்டு ஆண்டுகள் பிணித்துவைக்கிறான்.

அந்தச் சாபத்துக்கு இலக்கானவன் மகன் தூரின். எதிர்பாராத ஒரு மரணத்துக்குக் காரணமானதாகத் தன்மேல் பழி விழுமென்று அஞ்சி, தன்னை வளர்த்த மன்னன் திங்காலின் நாட்டை விட்டு ஓடுகிறான். மன்னன் உண்மையை அறிந்து மன்னித்துவிட்டான் என்ற செய்தியைத் தோழன் பெலக் தேடிவந்து சொல்லியும், மானம் தடுக்கத் திரும்பிப் போக மறுக்கிறான். பின்னொரு நாள் பகைவரிடம் அகப்பட்டுக் கட்டுண்டு மயங்கிக் கிடந்த அவனை, அதே பெலக் இருளில் வந்து விடுவிக்கையில், விலங்கை அறுத்த வாள் நழுவிக் காலில் பட, சித்திரவதை செய்ய வந்த எதிரி என்றெண்ணித் துள்ளியெழுந்து அவ்வாளைப் பறித்து அவனையே வெட்டிவிடுகிறான். மின்னல் வெட்டிய கணத்தில்தான் நண்பனுடைய முகம் தெரிகிறது. நார்கோத்ராண்ட் என்னும் மறைவான கோட்டை நகரத்தில் தலைமை பெற்று, அதன் வாயிலுக்கு எதிரே ஆற்றின்மேல் பெரிய பாலம் கட்டச் செய்கிறான். பாலத்தை இடித்துவிடுங்கள் என்று கடலரசனாகிய தேவன் தூதனுப்பியும் செவிசாய்க்கவில்லை. கிளௌருங் என்ற மகாசர்ப்பம் அப்பாலத்தின் வழியாகவே நகருக்குள் நுழைகிறது. தன்னை நேசித்த ஃபின்டுயிலாஸ் என்ற இளவரசி சிறைபிடிக்கப்பட்டுச் செல்கையில், அவளைக் காப்பாற்றுவது ஒன்றே உன்னை உன் விதியிலிருந்து காக்கும் என்று சாகுந்தறுவாயிலிருந்த வேறொரு நண்பன் எச்சரித்திருந்தும், சர்ப்பம் சொன்ன பொய்யை நம்பித் தாயையும் தங்கையையும் தேடி வேறு திசையில் ஓடுகிறான். அவர்களோ அங்கிருந்து முன்னமே போய்விட்டவர்கள். இறுதியில், விதியின் அதிபதி என்று தனக்குத்தானே ஒரு பெயர் சூட்டிக்கொண்டு, காட்டில் நினைவிழந்து கிடந்த ஒரு பெண்ணை மணக்கிறான். அவள், பிறந்து வளர்ந்ததை அவன் கண்டிராத சொந்தத் தங்கை நியனார். சர்ப்பம் தூரினின் வாளால் குத்துண்டு சாகும்போது உண்மையைச் சொல்லிவிட்டுச் சாகிறது. அவள் ஆற்றுப் பள்ளத்தில் பாய்ந்து மாள்கிறாள். அவன் தன் வாளின்மேல் வீழ்ந்து மாள்கிறான்.

பின்லாந்து நாட்டுக் கலேவலா காவியத்தில் வரும் குல்லெர்வோவின் கதையை டோல்கியன் இளமையில் படித்து உருகியவர். 1914-லேயே அதைத் தம் நடையில் எழுதிப் பார்த்தவர். தங்கையென்றறியாமல் கெடுவதும், வாளோடு பேசிவிட்டு அதனால் மாள்வதும் அங்கிருந்து வந்தவை. கிரேக்க எடிப்பஸும் வடநாட்டுச் சிகுர்தும் இக்கதைக்குள் கலந்திருப்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அக்கதைகளில் காணாத ஒன்றைத் தூரினின் கதையில் காண்கிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. மன்னித்த மன்னன் காத்திருக்கிறான், தூதன் எச்சரிக்கிறான், நண்பன் வழி சொல்கிறான். அவனுடைய செருக்கும் அவசரமும் அதை ஒவ்வொரு முறையும் மூடிவிடுகின்றன. அப்படியானால் சாபம் வெறும் பேச்சா என்றால், அதுவும் இல்லை. இருளில் வாள் நழுவியதற்கு எந்தச் செருக்கைக் குற்றம் சொல்வது? இரண்டையும் பிரிக்கவொண்ணாதபடி பின்னியிருப்பதில்தான் இக்கதையின் பயங்கரமும் உண்மையும் இருக்கின்றன.

வெளியிலிருந்து எவரும் சபிக்காமல் தம் வாயாலேயே விதியைப் படைத்துக்கொண்டவர்களும் அங்கே உண்டு. சில்மரில்கள் என்ற மூன்று மணிகளை மீட்காமல் விடுவதில்லை என்று பரம்பொருளின் பேரால் ஆணையிட்ட ஃபெயனார் என்னும் எல்ஃபும் அவன் புதல்வர் எழுவரும், அந்த ஆணையின் பொருட்டுச் சொந்த இனத்தாரையே மூன்று முறை கொன்று குவித்தார்கள். கடைசியில் மிஞ்சிய இருவரில் மாக்லார் என்பவன், ஆணையை மீறுவதே குறைந்த பாவம் என்று தமையனிடம் வாதிக்கிறான். பரம்பொருளைச் சாட்சி வைத்ததை அவிழ்த்துவிட யாராலும் முடியாதென்று எண்ணும் தமையனின் பிடிவாதத்தின் முன் வாதம் முறிந்துபோகிறது. மணிகள் கைக்கு வந்தபோது அவை அவர்களுடைய கைகளைச் சுட்டன.

பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து நிகழும் மோதிரக் கதையில், வருங்காலத்தைக் காட்டும் சாதனங்கள் இரண்டு வருகின்றன. கலாட்ரியல் என்னும் எல்ஃப் அரசியின் நீர்க்கண்ணாடியில் சாம் என்ற ஹாபிட் தோட்டக்காரன் பார்க்கும்போது, தன் ஊரில் மரங்கள் வெட்டப்படுவதும் தன் வயோதிகத் தந்தை வீட்டை விட்டு வெளியேற்றப்படுவதும் தெரிகின்றன. உடனே ஊருக்கு ஓடவேண்டுமென்று அவன் துடிக்கிறான். தடுக்கப் போகிறேனென்று வழியை விட்டு விலகினால் ஒழிய நிகழாதவையும் அதில் தெரிவதுண்டு என்று அரசி கூற, அழுதவாறே அவன் தன் எஜமானன் ஃபிரோடோவுடன் மேற்கொண்டு நடக்கத் தீர்மானிக்கிறான். கோண்டோர் நாட்டை ஆண்ட டெனதாரோ, பலான்டிர் என்ற ஞானக்கல்லில் பகைவனாகிய சௌரானுடைய படைப்பெருக்கத்தைத் தினமும் பார்த்துப் பார்த்து மனமொடிந்தவன். கரும்பாய்கள் விரித்த கப்பல்கள் நதியில் ஏறிவருவதைக் கல் காட்டியது. கல் பொய் சொல்லவில்லை. ஆனால் அக்கப்பல்களைப் பகைவரிடமிருந்து கைப்பற்றி அவற்றில் வந்துகொண்டிருந்தவன் நாட்டைக் காக்கவிருந்த அரகார்ன் என்பதை அது காட்டவில்லை. எல்லாம் முடிந்ததென்று டெனதார் சிதையேறி மாய்ந்தான். தோட்டக்காரனுக்கு இருந்த விவேகம் மகா அறிவாளியாகிய அந்த ஆட்சித் தலைவனுக்கு இல்லாமற்போனது விதியின் குற்றமென்று என்னால் ஏற்கமுடியவில்லை.

சௌரான் செய்த அந்த அதிகார மோதிரம் ஹாபிட் பில்போவின் கையில் கிடைத்ததும், அவனிடமிருந்து ஃபிரோடோவுக்கு வந்ததும் தற்செயல் அல்ல, மோதிரத்தைச் செய்தவனுடைய விருப்பமும் அல்ல, வேறொரு சங்கல்பம் என்று மந்திரவாதி காண்டால்ஃப் சொல்வார். ஆனால் இருட்குகையில், வழியை அடைத்து நின்ற கோல்லம் என்ற இழிந்த பிராணியைப் பில்போ கொல்லாமல் விட்டதை அவர் விதியின் கணக்கில் எழுதுவதில்லை; அது பில்போவின் இரக்கம். மோதிரம் கிடைத்தது நிர்ணயமாக இருக்கலாம். கையில் வாளோடு கண்ணுக்குத் தெரியாமல் நின்றவன் என்ன செய்யப்போகிறான் என்பது நிர்ணயிக்கப்படவில்லை. உலகத்தின் அமைப்பும் அதன் போக்கும் மாற்றவியலாதவை, நோக்கத்தோடு செய்யும் செயலில் மட்டும் சித்தம் சுதந்திரமுடையது என்ற கருத்தை எல்ஃபுகளின் கொள்கையாக டோல்கியன் தம் கடைசிக் காலக் குறிப்புகளிலும் எழுதிவைத்தார். அக்குறிப்புகள் 2009-இல்தான் அச்சேறின.

மோதிரத்தை அழிக்கவேண்டிய எரிமலையின் விளிம்பில் கதை முடியும் விதம் பல வாசகர்களைத் திடுக்கிடச் செய்தது. அத்தனை துன்பங்களைச் சுமந்து அங்கே வந்து சேர்ந்த ஃபிரோடோ, கடைசிக் கணத்தில் மோதிரத்தை நெருப்பில் எறிய மறுத்து, தனக்கே உரியதென்று விரலில் அணிந்துகொள்கிறான். முன்னர் அவனும் இரங்கி உயிரோடு விட்டிருந்த அதே கோல்லம் பாய்ந்து, விரலோடு மோதிரத்தைக் கடித்துப் பறித்து, களிப்பில் கால் தவறி நெருப்பில் விழ, மோதிரம் அழிகிறது. இவன் எப்படிக் கதாநாயகனாவான், இவனுக்குத் தண்டனையல்லவா தரவேண்டும் என்று எழுதிக் கேட்டவர்களும் உண்டு. 1963-இல் ஒரு வாசகருக்கு எழுதிய நீண்ட கடிதத்தின் வரைவுகளில் டோல்கியன் இதற்கு விடை தேடுகிறார்: அந்த இடத்தில் அந்த மோதிரத்தின் வலிமையை எவரும் எதிர்த்திருக்கமுடியாது; உடலும் மனமும் தாங்கும் எல்லை வரை ஃபிரோடோ தன் கடமையைச் செய்தான்; அவனுடைய பொறுமையும் கருணையும் உண்டாக்கிய நிலைமையில்தான் மற்றது நிறைவேறியது.

ஆனால் அந்த ஆறுதல் ஃபிரோடோவுக்குப் போதவில்லை. ஊர் திரும்பியபின், காயம்பட்ட நாட்கள் ஆண்டுதோறும் வந்தபோதெல்லாம் நோயில் வீழ்ந்தான். தான் தோற்றவன் என்ற எண்ணமும், அழிந்த மோதிரத்தின்மேல் எஞ்சிய ஆசையும் அவனை வாட்டின. அரகார்னை மணப்பதற்காக அமரத்துவத்தைத் துறந்த அர்வென், கப்பலில் மேற்கே போகத் தனக்கிருந்த இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். எல்ஃபுகளோடு அவன் கடல் கடந்தான். அதனால் அவன் அமரனாகிவிட்டான் என்று நினைத்த வாசகர்களை அதே கடிதத்தில் டோல்கியன் திருத்துகிறார். மரணமுடைய குலத்தில் பிறந்தவன் எவனும் அந்நிலத்தில் என்றென்றைக்கும் தங்கமுடியாது. ஃபிரோடோ அங்கே போனது புண் ஆறி, மனம் தேறி, உரிய காலத்தில் தன் சம்மதத்தோடு சாவதற்காகவே.